பாம்பு பட்டினி கிடந்தால் பதற வேண்டுமா?

வீட்டு நாய் இரண்டு நாள் தட்டைத் தொடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அந்தப் பதற்றத்தில் நியாயம் இருக்கிறது. நாயும் பூனையும் மனிதரும் தங்கள் உடல்சூட்டைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும் உயிர்கள். உண்பதில் பெரும்பங்கு அந்தச் சூட்டைக் காப்பதற்கே செலவாகிறது; உணவு நின்றால் உடல் சீக்கிரம் தளர்ந்துவிடும். இதே கணக்கைப் பாம்புக்கும் போடும்போதுதான் தவறு நேர்கிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் வீட்டில் பாம்பு வளர்ப்பது பரவலான பொழுதுபோக்கு. அங்கே புதிதாகப் பாம்பு வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, ‘இரை எடுக்க மாட்டேன் என்கிறது’ என்பது. எலியைக் காட்டினால் தலையைத் திருப்பிக்கொள்கிறது; வாரங்கள் மாதங்களாகின்றன; வளர்ப்பவருக்குத் தூக்கம் போய்விடுகிறது. பிறகு ஆளுக்கொரு யோசனை: வாயைத் திறந்து ஊட்டு, உயிருள்ள எலியை உள்ளே விடு, தினமும் ஒன்றைக் காட்டிக்கொண்டே இரு. இந்த யோசனைகள் பலவும் பட்டினியைவிட அதிகக் கெடுதல் செய்பவை. பாம்பு இரை மறுப்பது பெரும்பாலும் பருவத்தால்; இல்லையென்றால் நாம் அமைத்துக் கொடுத்த பெட்டியில் உள்ள குறையால். நோயால் மறுப்பதும் உண்டு, ஆனால் அது இவற்றுக்குப் பின்னால் வருவது. ஆகவே வைத்தியத்தைப் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு காலம் பொறுக்கலாம், எப்போது மருத்துவரைத் தேட வேண்டும் என்பதை நம் மனவேதனையைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. அதற்கு ஒரு தராசும் ஒரு தெர்மாமீட்டரும் இருக்கின்றன.

இந்தக் குறை மிக அதிகமாகக் கேட்பது ராயல் பைத்தான் என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பைப் பற்றித்தான். பயந்தால் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் அமெரிக்காவில் இதற்குப் ‘பால் பைத்தான்’ என்று பெயர். விஷம் இல்லாத, சாதுவான பாம்பு. நீளம் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர். உலகெங்கும் வீடுகளில் வளரும் பாம்புகளில் இதுவே முன்வரிசையில் இருக்கிறது. இதன் சொந்த மண் மேற்கே செனகல் தொடங்கிக் கிழக்கே உகாண்டா வரை நீளும் புல்வெளியும் காட்டோரமும். பகல் முழுவதும் எலி வளையிலோ கறையான் புற்றிலோ முடங்கிக் கிடக்கும். இரவில் வெளியே வரும். அங்கே இதற்கு யாரும் வேளை தவறாமல் உணவு வைப்பதில்லை. பெனின் நாட்டின் வீதா நகரில் மலைப்பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் உண்டு. அந்தக் கோயிலில் இருக்கும் ராயல் பைத்தான்களைக்கூட அவ்வப்போது வெளியே விட்டு, தாமாக இரை தேடிக்கொள்ளச் செய்கிறார்கள். நைஜீரியாவின் தென்கிழக்குக் காடுகளில் ஆய்வு செய்த லூக்கா லூயிசெல்லியும் பிரான்செஸ்கோ ஆஞ்செலிச்சியும் 1998இல் இன்னொரு செய்தியை வெளியிட்டார்கள். உருவில் சிறிய ஆண் பாம்புகள் மரமேறிப் பறவைகளை அதிகம் பிடிக்கின்றன. பெரிய பெண் பாம்புகள் தரையில் எலி முதலிய பாலூட்டிகளைப் பிடிக்கின்றன. வயதும் உருவமும் பாலினமும் மாற மாற இரையும் மாறுகிறது. ‘வாரம் ஒரு வெள்ளை எலி’ என்பது நம் வசதிக்காக நாம் வகுத்த அட்டவணை. அந்த அட்டவணையைப் பாம்பு மீறினால் உடனே பாம்பின் மேல் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

பட்டினியைத் தாங்கும் திறன் பாம்பின் உடலில் எவ்வளவு ஆழமாக ஊறியது என்பதற்குச் சோதனைச் சான்று உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் மார்ஷல் மெக்யூ என்ற ஆய்வாளர் 62 பாம்புகளை ஏறத்தாழ ஆறு மாதம் இரையின்றி வைத்துப் பார்த்தார். அவற்றில் ராயல் பைத்தான்களும் இருந்தன. எலிப்பாம்பு, கிலுகிலுப்பைப் பாம்பு ஆகிய வேறு இரண்டு இனங்களும் இருந்தன. 2007இல் வெளிவந்த முடிவு, ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலைப் பாம்புகள் 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டன என்று சொன்னது. சாதாரண நிலையிலேயே பாம்பின் செலவு மிகக் குறைவு. அதிலும் இவ்வளவு வெட்டு. பட்டினிக்கு நடுவிலும் உடல் நீளத்தில் வளர்ந்தது இன்னொரு வியப்பு. இதற்கு முன்பே, கலிபோர்னியாவில் ஸ்டீபன் செகோரும் ஜாரட் டயமண்டும் பர்மிய மலைப்பாம்பை வைத்துச் செய்த ஆய்வுகள் இதன் மறுபக்கத்தைக் காட்டியிருந்தன. பெரிய இரையை விழுங்கிய சில நாட்களில் அதன் சிறுகுடல் எடையில் இரட்டிப்பாகிறது. உடலின் ஆற்றல் செலவு ஓய்வு நிலையைப் போல 40 மடங்குக்கும் மேல் எகிறுகிறது. செரிமானம் முடிந்ததும் குடல் மறுபடி சுருங்கிவிடுகிறது. நம் குடல் நாள் முழுவதும் திறந்திருக்கும் கடை என்றால், பாம்பின் குடல் சரக்கு வந்த அன்று மட்டும் திறக்கும் கிடங்கு. திறந்து வைத்திருப்பதற்கே செலவு ஆகும் என்பதால், சரக்கு இல்லாதபோது அதை மூடி வைப்பதே அந்த உடலுக்கு லாபம். மூன்று வாரம் சாப்பிடாத ராயல் பைத்தான் வாடி வதங்கிக் கிடக்கிறது என்று நினைப்பது, இந்த உடலமைப்பைப் பற்றி அறியாமல் நம் பசியை அதன் மேல் ஏற்றிச் சொல்வது.

பட்டினிக்கு இயல்பான காரணங்களே பல. முதல் காரணம் பருவம். வளர்ந்த ராயல் பைத்தான்கள், குறிப்பாக ஆண்கள், இனச்சேர்க்கைக் காலத்தில் உணவை ஒதுக்கிவிடுகின்றன. வட நாடுகளில் வளரும் பாம்புகளிடம் இது பெரும்பாலும் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் தென்படும். கூண்டில் துணை இல்லாவிட்டாலும், வெப்பம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருந்தாலும், உடம்புக்குள் இருக்கும் பருவக் கணக்கு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. முட்டையிட்ட தாய்ப்பாம்பு அவற்றைச் சுற்றி இறுகச் சுருண்டு, ஏறத்தாழ இரண்டு மாதம் அடைகாக்கும். அந்தக் காலத்தில் வேட்டைக்குப் போகாது. டோகோவில் ஃபாபியன் ஒப்ரேயும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வில், இப்படி அடைகாப்பதற்கென்று தாய்க்கு ஆகும் கூடுதல் ஆற்றல் செலவு அற்பமானது என்று தெரியவந்தது. இரண்டாவது காரணம் சட்டை உரிப்பது. கண்கள் நீலம் பாய்ந்து மங்கும்போது பார்வை குறைகிறது. தாக்கவும் தற்காத்துக்கொள்ளவும் பாம்புக்குத் தைரியம் வராது. சட்டை கழன்ற மறுநாளோ அதற்கடுத்த நாளோ பசியோடு வரும் பாம்புகள் ஏராளம். மூன்றாவது காரணத்தை ஒப்புக்கொள்ள வளர்ப்பவர்களுக்கு மனம் வருவதில்லை: பாம்புக்கு வயிறு நிறைந்திருக்கிறது. வீட்டில் வளரும் பாம்புகளில் எலும்பும் தோலுமாக இருப்பவற்றுக்குக் குறையாமல் கொழுத்தவையும் இருக்கின்றன. முழு வளர்ச்சி அடைந்த பாம்புக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு இரை போதும். வாரந்தோறும் பெரிய எலியாக விழுங்கிக் கொழுத்த ஒன்று சில மாதம் வாயை மூடிக்கொள்வது, வளர்ப்பவர் செய்யத் தவறியதைத் தானே செய்துகொள்வதாகும்.

பருவமும் இல்லை, சட்டை உரிப்பும் இல்லை, உடம்பில் கொழுப்பும் இல்லை என்றால் அடுத்ததாகச் சோதிக்க வேண்டியது பெட்டியை. பாம்பு தன் சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் உயிர். வயிற்றில் விழுந்த எலி செரிப்பதற்கு வெப்பம் வேண்டும். வெப்பம் போதாவிட்டால் அது செரிக்காமல் அழுகும், பாம்பு கக்கிவிடும். குளிரில் கிடக்கும் பாம்பு இரையை மறுப்பது அதன் உயிரைக் காக்கும் விவேகம். ராயல் பைத்தானுக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ் சூடும், மறுபக்கம் 25, 26 டிகிரியும் இருக்க வேண்டும். தேவைக்கேற்ப அது இடம் மாறிக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் ஐம்பது அறுபது சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இந்த எண்கள் எல்லோருக்கும் தெரியும். தவறு அளப்பதில் நடக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய மலிவான வட்ட மீட்டர் காட்டுவது சுவரின் வெப்பத்தை. பாம்பு படுத்திருப்பது தரையில். அங்கே உணர்முனையை வைத்து அளக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால்தான் உண்மை தெரியும். சூடேற்றும் கருவிக்குத் தெர்மோஸ்டாட்டும் கட்டாயம். அடுத்தது மறைவிடம். புற்றுக்குள் உடம்பு நாலாபுறமும் உரசிக் கிடந்து பழகிய உயிரை, மூலையில் ஒற்றைத் தொட்டியைக் கவிழ்த்து வைத்த பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டால் அது எப்போதும் வெட்டவெளியில் நிற்கும் அச்சத்திலேயே இருக்கும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என உடம்பை இறுக்கிப் பிடிக்கும் அளவில் இரண்டு மறைவிடம் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பாம்பு பாதுகாப்பா வெப்பமா என்று ஒன்றை இழந்து மற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். மூன்றாவது, நம் கை. புதிதாக வந்த பாம்பைத் தினமும் எடுத்துக் கழுத்தில் போட்டுப் படம் எடுப்பவர், அது சாப்பிடவில்லை என்று வருந்துவதில் பொருள் இல்லை. வந்த பிறகு ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் மாற்றுவதைத் தவிர வேறெதற்கும் பெட்டியைத் திறக்காமல் இருந்தாலே பல பாம்புகள் முதல் எலியை எடுத்துவிடுகின்றன.

பெட்டி சரியாக இருந்தும் மறுத்தால், கொடுக்கும் பொருளை அது இரை என்றே அறியவில்லையோ என்று யோசிக்க வேண்டும். எந்தப் பாம்புக்கும் எது உணவு என்பதைச் சொல்வது மணமும் வெப்பமும் அசைவும்தான். பாம்புகளையே தின்னும் ராஜநாகத்துக்கு வெள்ளை எலி உணவாகத் தெரியாது. விலங்குக்காட்சிச் சாலைகளில் எலியின் மேல் பாம்பின் வாடையைப் பூசிக் கொடுத்து அதைப் பழக்குவார்கள். ராயல் பைத்தான் வளர்ப்பவர்களும் இதே வழியைக் கையாள்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் அதன் இயல்பான இரைகளில் ஒன்றான மென்மயிர் எலியைக் கொடுத்தால், ஆய்வுக்கூட எலியை மாதக்கணக்கில் மறுத்த பாம்பும் பாய்ந்து பிடிப்பதுண்டு. காட்டில் பிடித்து ஏற்றுமதியான பாம்புகளிடமும், கானா, டோகோ, பெனின் நாடுகளில் காட்டுப் பெண் பாம்புகளின் முட்டைகளைப் பொரிக்கவைத்து அனுப்பும் குட்டிகளிடமும் இந்தச் சிக்கல் அதிகம். கூண்டிலேயே பல தலைமுறையாகப் பிறந்தவற்றிடம் குறைவு. கொடுக்கும் முறையிலும் சூட்சுமம் இருக்கிறது. உறைந்த எலியை முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி மெல்ல இளகவிட வேண்டும். மறுநாள் பிளாஸ்டிக் பையில் போட்டு வெந்நீரில் வைத்து, நடுவிலும் சில்லிப்பு இல்லாமல், உயிருள்ள எலியின் சூட்டுக்கு, அதாவது 38 டிகிரி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ராயல் பைத்தானின் மேலுதட்டோரம் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். கும்மிருட்டிலும் அவற்றைக் கொண்டு அது வெப்பத்தைக் ‘காண்கிறது’. ஆறிப்போன எலி அந்தக் குழிகளுக்கு வெறும் கல். விளக்கை அணைத்துவிட்டு, நீண்ட இடுக்கியால் எலியின் முதுகைப் பிடித்து, மறைவிடத்தின் வாசலுக்கு ஓரடி முன்னால் மெல்ல அசைக்க வேண்டும். பசி இருந்தால் பாம்பு நாக்கை வேகமாக நீட்டி நீட்டி இழுக்கும், கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுக்கும், பிறகு நொடிக்குள் பாய்ந்து சுற்றிக்கொள்ளும். தலையை மறைத்துக்கொண்டாலோ, விலகி நகர்ந்தாலோ அன்றைய முயற்சி முடிந்தது. மறுபடி ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான். நாள்தோறும் எலியை ஆட்டிக் காட்டுவது பசியைத் தூண்டாது. இரை என்றாலே தொல்லை என்று பாம்புக்குக் கற்றுக்கொடுக்கும்.

இப்படிப் பொறுமையை உபதேசிப்பதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. ‘பாம்பு நோயை வெளியே காட்டாது, காத்திருக்கச் சொன்னால் நோய் முற்றும் வரை காத்திருந்தது போலாகும்’ என்பது அது. இது உண்மை, அதனால்தான் காத்திருப்பதற்குக் கணக்கு வேண்டும். சமையலறையில் பயன்படும் கிராம் தராசு ஒன்று, சிறு நோட்டு ஒன்று. பாம்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூடியுள்ள டப்பாவில் வைத்து நிறுத்து, தேதியோடு எழுதி வைத்தால் போதும். 1,500 கிராம் எடையுள்ள பாம்பு நான்கு மாதம் சாப்பிடாமல் 1,450 கிராமுக்கு வந்திருந்தால் கவலைப்பட எதுவும் இல்லை. அதே பாம்பு 1,350 கிராமுக்கு இறங்கினால் பத்து சதவீதம் போய்விட்டது என்று பொருள். பருவம் என்ற சமாதானத்தை ஓரம் வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். எடை இறங்காவிட்டாலும் பொறுக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. வாயைத் திறந்தபடி மூச்சுவிடுவதும் மூக்கில் குமிழி வருவதும் சுவாசத் தொற்றைக் காட்டும். ஈறு சிவந்து சீழ் வைத்திருந்தால் வாய்ப்புண். செதில்களுக்கிடையில் கருப்புப் புள்ளிகளாக ஊர்பவை இரத்தம் உறிஞ்சும் சிற்றுண்ணிகள். நடுவயிறு வீங்கி, தின்றதைத் திரும்பத் திரும்பக் கக்கினால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். தலையை அண்ணாந்து வானம் பார்ப்பதும் மல்லாந்தால் நிமிர முடியாமல் தவிப்பதும் நரம்பைத் தாக்கும் நோயைக் காட்டலாம். இவற்றில் மலைப்பாம்புகளையும் போவாக்களையும் தாக்கும் கொடிய நோய் ஒன்றுக்குப் பின்னால் அரீனாவைரஸ் வகைக் கிருமிகள் இருப்பதை 2012இல்தான் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். குட்டிகளுக்கும் இந்தப் பொறுமை பொருந்தாது. பொரித்த குட்டி முதல் சட்டையை உரித்த பிறகு இரை எடுக்கத் தொடங்க வேண்டும். அதன் உடலில் சேமிப்பு குறைவு. வளர்ந்த பாம்புக்கு மாதக்கணக்கில் கொடுக்கும் அவகாசத்தைக் குட்டிக்கு வாரக்கணக்கில்தான் கொடுக்க முடியும்.

‘மருத்துவரிடம் போவதற்கு முன் நாமே வாயைத் திறந்து ஊட்டிவிட்டால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. பாம்பின் பற்கள் ஊசிபோல் மெலிந்து உள்நோக்கி வளைந்தவை, எளிதில் ஒடிபவை. ஒடிந்த இடத்தில் புண் வந்தால் வாய்ப்புண்ணுக்கு நாமே வழி செய்ததாகும். பிடித்து அழுத்தி ஊட்டிய பாம்பு, அந்த அச்சத்திலேயே இரையைக் கக்கிவிடும். கக்கும்போது வயிற்று அமிலமும் உடல் நீரும் சேர்ந்து போகும். சும்மா பட்டினி கிடந்திருந்தால் இழந்திருக்காதவற்றை அது இழக்கிறது. ஒருமுறை கக்கிய பாம்புக்குக் குறைந்தது இரண்டு வாரம் ஓய்வு கொடுத்து, அதன் பிறகும் சின்ன இரையில்தான் தொடங்க வேண்டும். வலிந்து ஊட்டுவது குட்டிகளுக்கும் நலிந்த பாம்புகளுக்கும் பயிற்சி உள்ளவர் செய்ய வேண்டிய கடைசி வழி. மற்றொரு யோசனை உயிருள்ள எலி. ‘காட்டில் அப்படித்தானே தின்கிறது’ என்கிறார்கள். காட்டில் எலிக்கு ஓட இடம் உண்டு, பாம்புக்கும் உண்டு. மூடிய பெட்டிக்குள் பசியில்லாத பாம்போடு பசித்த எலியை இரவு முழுக்க விட்டுவைத்தால் வேட்டையாடுவது எலியாக இருக்கலாம். முதுகெலும்பு தெரியும் அளவுக்கு எலி கடித்துக் குதறிய பாம்புகள் கால்நடை மருத்துவமனைகளுக்கு வருவதுண்டு. எலிக்கும் வலியும் பயமும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். சில பாம்புகள் அசையும் இரையை மட்டும்தான் தொடும் என்பது உண்மையே. இடுக்கியின் அசைவாலும், சூட்டாலும், வாடையாலும் அவற்றில் பலவற்றை மாற்றிவிட முடிகிறது.

இதுவரை சொன்னதற்கெல்லாம் எதிராக எழக்கூடிய மிகக் கடினமான கேள்வி அறம் சார்ந்தது. பாம்பு ஆறு மாதப் பட்டினியைத் தாங்கும் என்று விஞ்ஞானம் சொல்வதைக் கேட்டு, ‘அப்படியானால் பிரச்சினை இல்லை’ என்று வளர்ப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார இது இடம் கொடுக்காதா? கொடுக்கும். தாங்கும் திறன் வேறு, நலம் வேறு. காட்டில் பட்டினி கிடக்கும் பாம்புகளில் எல்லாம் பிழைப்பதில்லை. பிழைத்தவற்றின் வழித்தோன்றல்களைத்தான் இன்று பார்க்கிறோம். ஆகவே அந்தத் திறன் நமக்குத் தருவது அவகாசத்தை மட்டும். பொறுப்பிலிருந்து விடுதலையை அது தருவதில்லை. அந்த அவகாசத்தில் தெர்மாமீட்டரைச் சரிபார்க்கவில்லை, மறைவிடத்தை மாற்றவில்லை, எடையைக் குறிக்கவில்லை என்றால் அதற்குப் பெயர் பொறுமையாகாது, அலட்சியம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. விலங்கை வைத்திருப்பவர் நிறைவேற்ற வேண்டிய ஐந்து தேவைகளில் தகுந்த சூழலை முதலிலும் தகுந்த உணவை அடுத்ததிலும் வைக்கிறது. இயல்பான நடத்தைக்கு இடம், துணையோ தனிமையோ, வலியிலும் நோயிலுமிருந்து பாதுகாப்பு ஆகியவை தொடர்கின்றன. இரை எடுக்காத பாம்பின் விஷயத்தில் இந்த வரிசை நடைமுறைக்கும் பொருந்துகிறது. உணவை மறுக்கும் பாம்பு, பல நேரம், அதற்கு முந்தைய தேவை நிறைவேறவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச் சாலைக்கு 1961இல் தனியார் ஒருவர் கொடுத்த ராயல் பைத்தான், அறுபது வயதைத் தாண்டிய நிலையில் 2020இல் ஏழு முட்டையிட்டது. பதினைந்து ஆண்டுக்கும் மேலாக ஆண் துணையே இல்லாதிருந்த பாம்பு அது. சூழல் சரியாக அமைந்தால் இவ்வளவு நீண்ட வாழ்வு சாத்தியம் என்னும்போது, அதில் சில மாதப் பட்டினி பெரிய விஷயம் இல்லை. சூழலைக் கெடுத்துவிட்டு வாரந்தோறும் வாயில் எலியைத் திணிப்பதுதான் பெரிய விஷயம்.

நம் நாட்டோடும் இதற்குத் தொடர்பு உண்டு. புற்றுக்குப் பால் வார்ப்பவர்கள் பக்தியோடுதான் வார்க்கிறார்கள். ஆனால் பாம்பின் உணவு பால் இல்லை, அதைச் செரிக்கும் வசதியும் அதன் குடலுக்கு இல்லை. தண்ணீர் கிடைக்காமல் தவிக்கும் பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும், அவ்வளவுதான். நாம் விரும்புவதை ஊட்டி அன்பு காட்டுவது மனித வழக்கம். பாம்புக்கு அது உதவாது. நல்ல பாம்பு, சாரை, நம் மலைப்பாம்பு போன்ற நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ராயல் பைத்தான் போன்ற அயல்நாட்டுப் பாம்புகள் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பட்டியலில் இருப்பவை. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024இல் விதிகள் வந்த பிறகு, அவற்றை வைத்திருப்பவர்கள் ஒன்றிய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் சிக்கின. பெட்டிக்குள் பல மணி நேரம் நெருக்கியடித்து வந்த பாம்பு, வாங்குபவர் வீட்டில் முதலில் செய்யக்கூடியது இரையை மறுப்பதுதான். கள்ளத்தனமாக வாங்கியவரால் அதை மருத்துவரிடம் பகிரங்கமாகக் கொண்டுபோகவும் முடியாது.

எனவே பாம்பு வளர்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் தங்களிடமே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளட்டும்: ஆறு மாதம் சாப்பிடாத ஓர் உயிரைத் தினமும் பார்த்துக்கொண்டு, அதன் எடையை எழுதிக்கொண்டு, கையை வைக்காமல் இருக்க முடியுமா? முடியாது என்றால் பாம்பு வேண்டாம். முடியும் என்றால், சட்டப்படி பதிவு செய்து, கூண்டிலேயே பிறந்து ஏற்கெனவே எலி எடுத்துப் பழகிய பாம்பாக வாங்குங்கள். அதற்கு முன்பே தெர்மாமீட்டரையும் தராசையும் வாங்கி, பெட்டியைச் சூடேற்றி, ஒரு வாரம் எண்களைக் குறித்துப் பாருங்கள். எண்கள் நிலையாக நிற்கும் பெட்டிக்குள் விட்ட பிறகும் பாம்பு எலியைத் தொடவில்லை என்றால், எடை குறையாதவரை அதை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். பசித்தால் சாப்பிடும்.